கடைசி மெய்

முதல் வருடம் எனக்கு விருந்து மட்டும்தான் தெரியும்.
டுலூத் துறைமுகத்து ஹோட்டலில் பெரிய கூடம்,
நாற்பது மேசை, மேசைக்கு எட்டு நாற்காலி,
நடுவில் பனிக்கட்டியில் செதுக்கிய அன்னம்.
வெளியே ஏரி முழுக்கப் பனிக்கட்டிதான்.
ஆனாலும் அன்னத்துக்கு அறுநூறு டாலர்.

கைதட்டினார்கள். ஏலம் விட்டோம்.
மறுநாள் கணக்குப் பார்த்தால்
இசைக்குழு போக, இறைச்சி போக, அன்னம் போக
கையில் நின்றது இருநூற்றுப் பன்னிரண்டு.
எங்கள் இரவுக் காப்பகத்தில் அறுபது கட்டில்.
ஒரு ராத்திரிக்குக் காணாது.

நிர்வாகக் குழுத் தலைவர் ஸ்டென்ஸ்ருட்
தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:
"அடுத்த வருடம் இன்னும் பெரிய அன்னமாக வைப்போம்."
வேடிக்கைக்குச் சொன்னாரா என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஜனவரியில் எங்கள் பெரிய கொடையாளி,
ஒரு காப்பீட்டு நிறுவனம்,
இரண்டே வரியில் விடைபெற்றது.
முன்னுரிமைகள் மாறிவிட்டனவாம்.
பிப்ரவரியில் கொதிகலன் நின்றது.

கடன் வாங்கி அதைச் சரிசெய்த மறுநாள்
மாதச் சந்தாப் பட்டியலைத் திறந்தேன்,
வேறு எதைத் திறப்பதென்று தெரியாமல்.
ஓர்வோ லம்பினெ.
மாதம் பதினைந்து டாலர். பதினோரு வருடம்.
கூட்டினால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது.
இவரை யாராவது ஒருமுறை கூப்பிட்டார்களா?
குறிப்புக் கட்டம் வெறுமையாக இருந்தது.

"எவ்வளவு வேண்டும்?" என்றார் எடுத்த எடுப்பில்.
"ஒன்றும் வேண்டாம். கொதிகலன் சரியாகிவிட்டது.
அதைச் சொல்லத்தான்."
அந்தப் பக்கம் பேச்சில்லை.
வானொலியில் ஹாக்கி வர்ணனை மட்டும்.
"எந்தக் கொதிகலன்?"

சொன்னேன்.
ஒன்பது இரவுகள் சமையலறை அடுப்பை அணைக்காமல் வைத்ததை,
போர்வைமேல் கோட்டு, கோட்டுமேல் திரைச்சீலை என்று போட்டதை,
ஞாயிற்றுக்கிழமை தேவாலய உடுப்போடு வந்து
குழாய்க்கடியில் படுத்த பழுதுபார்ப்பவரை.
வானொலியின் சத்தம் குறைந்தது.
தாது இறக்கும் துறையில் கிரேன் ஓட்டியவராம்.
குளிர் எப்படிப் பல்லுக்குள் போகும் என்று
அவருக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

வைக்கும் முன் சொன்னார்:
"என் பெயர் லம்பினென்.
கடைசியில் ஓர் எழுத்து உண்டு.
பதினோரு வருடமாக அதை விழுங்குகிறீர்கள்."

எவரோ ஒரு மாலை அவசரத்தில் தட்டியது.
அன்றுமுதல் ஒவ்வொரு கடிதமும்
அந்த ஊனத்தோடே போயிருக்கிறது.
மேலே 'அன்புள்ள' என்று அழகாக அச்சிட்டு,
கீழே நன்றி என்று நீல மையில் அச்சிட்டு.
சிறுதுளி பெருவெள்ளம் என்று
கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொண்டோம்.
துளிக்குப் பெயர் இருந்தது.
அதில் ஒரு மெய் குறைந்திருந்தது.

அதன்பின் நாளுக்கு ஐந்து பேர்.
இருவர் பட்டென்று வைத்துவிடுவார்கள்.
ஒரு பெண்மணி நாற்பது நிமிடம்
தன் பூனையின் சிறுநீரகம் பற்றிப் பேசினார்.
"என்ன வந்தது?" என்றது குழு.
ஒன்றும் வரவில்லை என்றேன், மூன்று கூட்டங்களில்.
நான்காவதில் ஸ்டென்ஸ்ருட் என்னைப் பார்க்கவே இல்லை.

வந்தவர் எத்தனை என்று எல்லோரும் கேட்பார்கள்.
போகாதவர் எத்தனை என்று எண்ண
எனக்கு நான்கு வருடம் ஆனது.
அந்த எண்ணிக்கைக்கு யாரும் கைதட்டுவதில்லை.
ஆனால் மார்ச்சில் அரிசி தீர்வதில்லை,
கொதிகலனுக்கென்று தனியாக ஒரு கணக்கு இருக்கிறது.

அக்டோபரில் லம்பினெனின் அட்டை காலாவதியானது.
இயந்திரம் 'நிராகரிக்கப்பட்டது' என்று சிவப்பில் சொன்னது.
தொலைபேசியை எடுக்கப் போனேன்.
அதற்குள் அவரே அழைத்தார்.
பதினாறு இலக்கங்களை
கிரேனிலிருந்து இறக்குவதுபோல்
ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார்.
"இனி பதினேழாகப் போட்டுக்கொள்."
ஏன் என்றேன்.
"விலைவாசி. கொதிகலன் எப்படி?"

பதில் சொல்லத் தொடங்குவதற்குள்
ஆட்டம் தொடங்கிவிட்டதென்று வைத்துவிட்டார்.
ரசீதில் அவர் பெயரை அடித்தேன்,
கடைசி எழுத்துவரை,
பிறகு ஒருமுறை வாய்விட்டுப் படித்தேன்.
இந்த மாதம் காலாவதியாகும் அட்டைகள்
இன்னும் முப்பத்தேழு.